உப்புத் தண்ணீரில் கால் வைத்தவர்

கொழும்புக்கு இதயப் படம் எடுக்கும் மெஷின் புதிதாக வந்திருந்த காலம். கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீது ஹாஜியார், தன் மகள் ஹபீலாவைக் கட்டப்போகும் டொக்டர் பளீலை வீட்டுக்கு அழைத்திருந்தார். தேத்தண்ணி வருவதற்கு முன்பே, கோடுகள் ஓடும் நீளமான படமொன்றை மேசையில் விரித்துவிட்டார்.

"கொழும்புல ஒருத்தர்ட கையையும் காலையும் உப்புத் தண்ணில வெச்சு, மெஷினால எடுத்த இதயப் படம். நீங்க இதத்தானே ஆறு மாசமாப் படிக்கிறீங்க? வாசிங்க பாப்பம்."

மாப்பிள்ளைக்குச் சோதனை வைக்கிறார் என்று பளீலுக்கு விளங்கியது. தப்பாகச் சொன்னால் வெள்ளிக்கிழமை நடக்கவிருக்கும் நிக்காஹ் போச்சு. விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுக் கடைசிவரை போனான்.

"இடைக்கிட ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழுது. கோப்பியக் குறைச்சாச் சரி. வேற ஒண்டும் இல்ல."

"நல்லாப் பாருங்க மகன்."

"பாத்துட்டேன் மாமா. பயப்படத் தேவல்ல."

"மறுகா மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"இவரு பேரப்புள்ளைகள்ட கலியாணத்துலயும் சஹன் சோறு தின்னுவாரு."

ஹாஜியார் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். உப்புத் தண்ணில கால வெச்சது நான்தான் மகன். நெஞ்சு நிண்டு மௌத்தாகிறதுக்குள்ள புள்ளைய ஒப்படைக்கோணும் எண்டுதான் நிக்காஹ்வ இவ்வளவு அவசரப்படுத்தினேன். இனி என்ன அவசரம்? அடுத்த வருஷம் ஊரக் கூட்டி, ஆறுதலாச் செய்வம்."

பளீல் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கதவுக்குப் பின்னால் ஹபீலா பலமாகக் கனைத்தாள்.

அவன் மெதுவாகப் படத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

"மாமா, அந்தக் கடைசித் துடிப்ப மட்டும் இன்னொருக்காப் பாக்கிறேன்."