முதல் ஆள்

முடிவெடுக்கும் முன் எல்லோரும் செய்வதுபோல, பொன்ரேகாவும் செயலியில் தன் வருங்காலத்தைக் கூப்பிட்டாள். திரையில் இரண்டு பொன்ரேகாக்கள் வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயது. ஒருத்தி இந்த வருடமே எம்.பி.ஏ. படிக்க லண்டன் போனவள். மற்றவள் தூத்துக்குடி பேட்டரி ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனவள்.

அம்மாதான் முந்திக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டும்மா" என்றார்கள் இருவரும். அம்மாவுக்கு அது போதும். காபி போட எழுந்து போய்விட்டாள்.

விசாரித்ததில் சம்பளம், பதவி எல்லாம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொன்ரேகா சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்குக் கீழ வேலை பாத்த முதல் ஆள் யாரு?"

சீக்கிரம் போனவள் தடுமாறினாள். "பெரிய டீம். பேரெல்லாம் ஞாபகம் இல்ல."

தாமதமாகப் போனவள் சிரித்துவிட்டாள். "சகாயமேரி. முதல் நாளே என்னைய ஏசிட்டா. லண்டன்ல புரொபசர் எதைக் கேட்டாலும் அவ மூஞ்சிதான் முன்னால வந்து நிக்கும்."

பொன்ரேகா திரையை அணைத்தாள். "எம்மா, லண்டன் மூணு வருசம் கழிச்சுதான்!" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும், "இங்க சகாயமேரி யாரு?" என்று கேட்டாள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் முகக்கவசத்தை இறக்கினாள்.

"நான்தான். புது ஆபீசரா? ஆலைச் சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு, இப்பதான் வாறீயளா?"

பொன்ரேகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் ஏசுங்கக்கா."