கடைசி ஆளாக ஒரு ஓட்டு

சலவைச் சோடாவைக் குழைத்து, இடது கை ஆள்காட்டி விரலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். தோல்தான் உரிந்தது. விரலில் இருந்த மை அசைந்துகொடுக்கவில்லை.

சலவைக்கடைக்குள் சட்டைக் காலர்களில் குறி போட்டு முடித்து, மை பாட்டிலின் மூடியைத் தேடிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான்.

"ஏன்டி, அழிச்சிட்டு இன்னொரு ஓட்டுப் போடப் போறியா? மாட்டினா கம்பி எண்ணணும், சொல்லிட்டேன்."

அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

காலையில் ஓட்டுப் போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் அக்கா மகள். அவள் வாய் திறக்கும் முன்பே இந்த விரலைத் தூக்கிக் காட்டியாயிற்று. "எங்க சித்தி போட்டுட்டாங்க!" என்று அவள் குதித்த குதியில் தெருவே திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் அதே பெண் கடைவாசலில் பொத்தென்று வந்து உட்கார்ந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பாதிப் பேர்கூட வரல சித்தி. இவங்க எங்க ஓட்டுப் போடப் போறாங்கன்னுதானே நம்ம தெருச் சாக்கடையை ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல? நான் சொல்லாமலே போட்டது நீங்க ஒருத்தர்தான்."

அதன் பிறகு சித்திக்கு வேலையே ஓடவில்லை. யாருடைய வெள்ளைச் சட்டையையோ தீய்த்தும் விட்டாள்.

ஓட்டுச்சாவடி மூடப்போகிற நேரம். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

"கையை நீட்டும்மா" என்றார் மை வைக்கும் அம்மா. அவள் நீட்டவில்லை.

"அட நீட்டும்மா, கடிச்சிட மாட்டேன்."

விரல் வெளியே வந்தது. அந்த அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ரெண்டாவது தடவையா? யாருங்க அங்க, போலீஸைக் கூப்பிடுங்க!"

சத்தம் கேட்டு, வெளியே ஆட்களைக் கூட்டிவந்து விட்டுக்கொண்டிருந்த அக்கா மகள் வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"சித்தி... நான் புலம்பினேன்னு கள்ள ஓட்டா போட வந்தீங்க?"

சித்தியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"இது ஓட்டு மை இல்லடி... நம்ம கடையில சட்டைக்குக் குறி போடற மை."