மூன்றாவது தடவை

“பேட்டரியில குறையே இல்ல. கம்பிதான் கழண்டு கிடக்கு. இந்த மாசத்துல இது மூணாவது தடவை!” என்று காரைப் பார்த்து முணுமுணுத்தார் மெக்கானிக்.

கார்க்காரப் பெரியவரின் மகள் மெக்கானிக்கைத் தனியே அழைத்தாள்.

“முதல் ரெண்டு தடவையும் நான்தாண்ணே கழட்டினேன். அப்பா பள்ளிக்கூட வாசல்ல ஒரு குழந்தைய இடிக்கப் பாத்தாரு. மயிரிழையில தப்பிச்சுது. நாப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன்கிட்ட, இனி ஓட்டாதீங்கன்னு எப்படிச் சொல்றது? இன்னைக்குக் கழட்ட மறந்துட்டேன். நல்லவேளை, தானாவே கழண்டிருக்கு.”

கண்ணைத் துடைத்தபடி அவள் உள்ளே போனாள்.

மெக்கானிக் கம்பியை மாட்டி முடுக்கினார். கதவுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிச் சரிசெய்தார். ரேடியோ பாடியது. கம்பி கழன்றிருந்ததால் கடிகாரம் மட்டும் பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. அப்போது காலை எட்டு மணிதான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், “ஐயா, மணி சரியா இருக்கான்னு பாருங்க,” என்றார்.

பெரியவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“தெரியலப்பா. கலங்கலா ஒரு வெளிச்சம்தான் தெரியுது.”

“அப்புறம் எப்படிங்கய்யா ஓட்டுவீங்க?”

“ஓட்டக் கூடாதுன்னுதான் இன்னைக்கு நானே தடவித் தடவிக் கழட்டிட்டு, உன்னை வரச் சொன்னேன். வண்டி இனி தேறாதுன்னு நீயே அவகிட்ட சொல்லிடு. எனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, பாவம், என் பொண்ணு தாங்க மாட்டா.”