இரண்டு தலை குறைவு

பனியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஜோத்தம் எழுந்துபோய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

மாசசூசெட்ஸ் மலைமேல் இருந்த அந்தக் குடிசைக்கு மனிதக் குரல் வந்து ஒரு குளிர்காலம் ஆகிறது. கடைசியாக வந்தவர் ஊர்க் காவலர் ஆசகேல். பிழைக்க வந்த ஜோத்தமும் அவர் மகன் சைலஸும் ஊருக்குப் பாரம், வேறு இடம் பார்க்க வேண்டும் என்ற ஆணையை வாசலில் நின்று படித்துவிட்டுப் போனார். வெளியூர் ஏழைகளுக்கு அங்கே அதுதான் வழக்கம்.

இப்போதும் ஆசகேல்தான்.

"பனி உருகற வரைக்குமாவது விடுங்க ஐயா," என்றார் ஜோத்தம், கதவைத் திறக்காமலே.

"யாரு இப்ப போகச் சொன்னா? திறங்க பெரியவரே, மூக்கு உறைஞ்சு விழுந்துடும் போல இருக்கு!"

உள்ளே வந்தவர் அடுப்பருகே உட்கார்ந்து, ஜோத்தம் கொடுத்த சோளக்கூழை ஊதி ஊதிக் குடித்தார்.

"கடற்கரைப் பெரிய ஊர்க்காரங்க சபையில வரிசையா உக்காந்து நம்ம தலையில வரியை ஏத்துறாங்க. வேணாம்னு சொல்ல நமக்கு ஒரு வாய் இல்ல. புது ஊர்ல நூத்தம்பது ஆம்பளை இருந்தாதான் பாஸ்டன்ல இருக்கிற அந்தச் சபைக்கு ஒரு ஆளை அனுப்பலாமாம். எண்ணினா ரெண்டு தலை குறையுது. பழைய ஆணையைக் கிழிச்சாச்சு. இனிமே நீங்க ரெண்டு பேரும் எங்க ஊரு."

எங்க ஊரு. ஜோத்தம் அடுப்புத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்குப் பதினாறு ஆச்சா? அப்பத்தான் கணக்குல சேரும்."

"ஜனவரியில ஆச்சு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! எங்க அவன்?"

காட்டுக்குப் போயிருக்கிறான் என்றால் போதும். ஊருக்குச் சபையில் இடம் கிடைக்கும். ஜோத்தத்துக்கு ஊர் கிடைக்கும்.

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். எழுந்து பின்கதவைத் திறந்தார்.

விறகுக் கொட்டகையில், கட்டைகளுக்கு நடுவே, புதுப் பலகையில் அடித்த நீளமான பெட்டி.

"போன மாசம் காய்ச்சல். தரை கல்லாக் கிடக்கு, என் ஒருத்தன் கையால தோண்ட முடியல. இவனை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

ஆசகேல் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு குனிந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க. உங்களையும் சேத்து நூத்தி நாப்பத்தொன்பது பேர் இருக்கோம், பெரியவரே. நெருப்பு மூட்டித் தரையை இளக்கித் தோண்டுவோம்."