பெட்டிக்குள் ரீனா

“எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்டி” என்றது பெட்டி.

புகழேந்தி ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தான். அறையில் அவனையும் காலேபையும் தவிர யாருமில்லை. “ஏலே, பொம்பளைப் பேய்லே!”

“கத்தாத. பேயுமில்ல, பிசாசுமில்ல. மேல் வீட்டு ரீனா” என்றான் காலேப், பெட்டியிலிருந்து காதை எடுக்காமல்.

பெட்டி என்பது காலேப் தானே செய்த கித்தார் ஆம்ப்ளிஃபையர். ஓடாத பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து, அதன் வால்வுகளை வைத்துக் கட்டியது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதில்தான் வாசிப்பது என்று, தானும் புகழேந்தியும் வேலை பார்க்கும் காலண்டர் பிரஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

முதலில் அது வண்டு போல உறுமியது. எர்த் வயரை மாற்றினான், உறுமல் நின்றது. மறுநாள் சாயங்காலம் திடீரென்று, மாடி வரைக்கும் கேட்கிற சத்தத்தில் “ஹலோ... ஹலோ...” என்று ரீனாவின் குரல். அதற்கு அடுத்த நாளிலிருந்து பேச்சோ பேச்சு.

“அவுக வீட்டுல கார்ட்லெஸ் போன் இருக்குல்ல? அந்த சிக்னல என் வயரு ஏரியல் மாதிரி இழுத்துருது” என்று விளக்கினான் காலேப்.

“அப்ப எதிர்ல பேசுற பொண்ணு குரலு கேக்கலியே?”

“அது வேற அலைவரிசை. ஒனக்குப் புரியாது.”

“சரி, இத நிப்பாட்ட வழி இல்லியா?”

“ஷீல்டு வயர் போட்டா நின்னுரும். விருதுநகர் போயி வாங்கிட்டு வந்துட்டேன்.”

“பெறகு ஏன்லே போடல?”

காலேப் சுத்தமாக இருந்த சால்டரிங் அயர்னை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அவனுக்கு ரீனா மேல் ஒரு கண். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் ஆயிரம் பேச நினைப்பான். வாயிலிருந்து “தோத்திரம்” மட்டும்தான் வரும். அவளும் “தோத்திரம்” என்பாள். அதோடு சரி.

பெட்டி தொடர்ந்தது. “மாப்பிள்ளை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனில மேனேஜராம். பேச ஆரம்பிச்சா பத்தாயிரம் வாலா சரமாம். அம்மா ஞாயித்துக்கெளம வரச் சொல்லிட்டாங்கடி. ஆனா என் மனசுல வேற ஒருத்தர் இருக்காரு. அது நமத்துப் போன வெடி. தீய வச்சுட்டு நின்னா, நிக்க வேண்டியதுதான்!”

புகழேந்தி மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். காலண்டர் சீசன், பிரஸ்ஸில் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆனாலும் ஷிப்டு முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள்.

“அவரு சர்ச்சுல கித்தார் வாசிப்பாருடி” என்றது பெட்டி.

காலேப் தொடையில் அடித்துக்கொண்டான். “எங்க சர்ச்சு நேசகுமாரு! அவன் புதுக் கித்தார் வாங்கயிலேயே நெனச்சேன்!”

பெட்டியிலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

அடுத்த நாள், “காலண்டர் அடிக்கிற பிரஸ்லதான் வேல” என்றது.

“நேசகுமாரும் பிரஸ்லதானே இருக்கான்!” என்றான் காலேப், அழாத குறையாக.

“ஏலே, சிவகாசியில பிரஸ்ல இல்லாதவன் யாருலே?” என்று தலையில் அடித்துக்கொண்டான் புகழேந்தி.

சனிக்கிழமை வந்தது. பெட்டிக்குள் ரீனாவின் குரல் கரகரத்திருந்தது. “நாளைக்கு அவுக வாராகடி. கீழ் வீட்டுல ஈயப் புகையில இருமிக்கிட்டே கெடக்குற அந்த மனுசன் இன்னிக்கு மாடி ஏறி வந்து அம்மாட்ட கேட்டாத்தான் உண்டு. இல்லாட்டி நான் பட்டாசு கம்பெனிக்கே போறேன்!”

காலேபுக்கு அப்போதுதான் இருமல் வந்தது. இருமி முடித்துத் தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“நான்தாம்லே!”

“எந்திரி. போயிக் கேளு.”

“எப்படிலே போவ? ‘ஒனக்கு எப்படித் தெரியும்’னு அவ அம்மா டீச்சர் கேட்டா? ஒரு வாரமா ஒட்டுக் கேட்டேன்னு சொல்லவா? பெட்டியோட சேத்துத் தெருவுல தூக்கிப் போட்ருவாக. ரீனா என் மூஞ்சியில முழிப்பாளா?”

“ஒரு போன் பேசிக்கிடுறேன்னு போ. உள்ள போயிட்டா பேச்சு தானா வரும்.”

ரீனாவின் அம்மா ஞானஜோதி டீச்சர் டியூஷன் முடித்து வரும்வரை இருவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். அவர் மாடி ஏறியதும் காலேப் முகம் கழுவி, சட்டை மாற்றி, சட்டையைத் திரும்பவும் மாற்றி, கடைசியில் புகழேந்தி தள்ளிவிட்ட வேகத்தில் படியேறினான்.

கதவைத் திறந்தது டீச்சர்தான். உள்ளே ரீனா தன் வெள்ளை யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“என்ன தம்பி, கொளாயில தண்ணி வரலியா?”

“தோத்திரம் டீச்சர். தண்ணி... தண்ணி வருது. ஒரு போன்... அவசரமா ஒரு போன் பேசணும்.”

“போனா?” டீச்சர் சிரித்தார். “ரோட்டத் தோண்டயில கேபிள் அந்து போச்சுல்ல? லைட்டு மட்டும் எரியுது, லைனு செத்து ஒரு மாசம் ஆகுதே தம்பி!”

காலேப் ரீனாவைத் திரும்பிப் பார்த்தான். அப்படியானால் இந்த வாரம் முழுக்க அவள் யாரிடம் பேசினாள்?

ரீனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

“அவுக போன் பேச வரலம்மா.”