தலையணையோடு வரவும்

பிறந்தநாளுக்கு என்ன தீம் என்று சொந்தக்காரர்களின் கைப்பேசிக் குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. பதினேழு பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

ஆறு வயது ஆகப்போகிற அக்கா பையனுக்கு மட்டும் ஓட்டு இல்லை.

டைனோசருக்கு எட்டு, விண்வெளிக்கு ஒன்பது. விண்வெளி ஜெயித்துவிட்டதாக அத்தான் அறிவித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, ஹாலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் வந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானும் அவர்கள் விஷயத்தில் வாய் வைப்பதில்லை.

அன்றைக்கு வைத்தேன். பையனிடம் கேட்டீர்களா என்றேன்.

கேட்டாயிற்று, அவன் ஏதோ உளறுகிறான் என்றார் அத்தான்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூங்குற பார்ட்டி வேணுமாம்டா. வர்ற பசங்க எல்லாம் தலகாணி எடுத்துட்டு வந்து படுத்துக்கணுமாம்."

பையன் சோபாவின் ஓரத்தில் நின்று கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விருந்துக்குக் கூப்பிட்டுப் படுக்கச் சொன்னால் ஆபீஸில் தன் மானம் போய்விடும் என்றார் அத்தான். அதோடு விட்டிருக்கலாம்.

"அப்படியே மாமன் புத்தி. தூக்கத்த விட்டா வேற என்ன தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டேன். அவனுக்கா, உங்கள் மேனேஜருக்கா? சுவர் நிறைய கிரகம் ஒட்டப் போகிறீர்களே, அதில் ஒன்றையாவது இவன் கேட்டானா? கேட்டது ஒரு தலையணை. தலையணை இல்லாத வீடு உண்டா? அதைக் கொடுக்கவும் மனசு வரவில்லை, கூடவே கேலி வேறு.

வாயைத் திறந்தபின் மூடத் தெரியவில்லை. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

நான் வந்த நாளிலிருந்து இந்த வீட்டு அழைப்பு மணி அடிப்பதில்லை. வீட்டில் ஒரு இன்ஜினியர் இருக்கிறார் என்று பெயர். போன வருடம் பையனுக்கு சைரன் வைத்த போலீஸ் கார் வாங்கிக் கொடுத்தார். அதற்கு பேட்டரி போட இன்றுவரை அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பள்ளி டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள், உங்கள் மகன் பேசுவது முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்பதில்லை என்று. ஆறு வயதுப் பையன் வீட்டுக்குள் குசுகுசுவென்றுதான் பேசுகிறான். உங்களிடம் எவ்வளவு பயம் இருந்தால் ஒரு குழந்தைக்குத் தொண்டை இப்படி அடைத்துப்போகும் என்று கேட்டேன்.

நான் கத்திய கத்தலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வீட்டில் வேறு யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அத்தான் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பதில் இல்லை, அதனால் மூடிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, தூங்கித் தொலையட்டும் என்று எழுந்து போனார். விண்வெளி தோற்றது.

பையன் தரையில் குப்புறப் படுத்து அழைப்பிதழ் எழுத ஆரம்பித்துவிட்டான். 'தலையணையோடு வரவும்' என்று பெரிதாக எழுதினான். அதன் கீழே, 'கதவை ரெண்டு கையால் சாத்தவும்'. அதன் கீழே, 'செருப்பைக் கையில் எடுத்து வரவும்'.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்த திமிர் இன்னும் இறங்கவில்லை. பார்ட்டி என்றால் ஆட வேண்டும், கூத்தடிக்க வேண்டும், இந்த யோசனை எப்படி வந்தது, சத்தமாகச் சொல், யாரும் திட்டமாட்டார்கள் என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினான்.

சிவப்புக் கலர் பென்சிலுக்காக டிவி மேஜை இழுப்பறையை இழுத்தான். உள்ளே நாலைந்து பேட்டரிகள் கடகடவென்று உருண்டன. சட்டென்று உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தான். சத்தம் நின்றது.

இதெல்லாம் எதனுடையது என்று கேட்டேன்.

இரண்டைத் தொட்டு, மூலையில் கிடந்த போலீஸ் காரைக் காட்டினான். இன்னும் இரண்டைத் தொட்டு, வாசல் கதவுக்கு மேலே இருந்த அழைப்பு மணியைக் காட்டினான்.

அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்தான்.

"போன தடவ ஹோட்டல்ல வச்சாங்க. அதுக்கு முன்னாடி மாடி ஆன்ட்டி வீட்ல. தூங்குற பார்ட்டின்னா நம்ம வீட்லயே வைக்கலாம்ல? நீ எந்திரிக்கவே வேணாம் மாமா."

சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்து மணி ஆகிவிட்டது என்று என் அறைப் பக்கம் கை காட்டினான்.

போய்ப் படுத்தேன்.

அவன்தான் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். எப்போது சாத்தி முடித்தான் என்று தெரியவில்லை.