ஏரிக்கரையில் முந்திச் செல்பவள்

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. வேட்டியும் கேன்வாஸ் ஷூவுமாக ஏகாம்பரம் நிமிர்ந்து நடக்கிறார். மனைவி சகுந்தலாவின் செருப்புச் சத்தம் பின்னால் வருகிறது. அவர்கள் வீட்டில் பெண்கள் புருஷனுக்கு முன்னால் நடந்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. போன வருஷம் அவளுக்கு மாரடைப்பு வந்தபின் அந்தச் சத்தம் அடிக்கடி நின்றுபோகும். அப்போதெல்லாம் பயத்தை முகத்தில் காட்டாமல் ஏரியைப் பார்த்தபடி காத்திருப்பார். மாரடைப்புக்குப் பின் வீட்டில் சோறு பாதியானது, தட்டில் கீரை ஏறியது, ஊறுகாய் ஜாடி மகள் வீட்டுக்குப் போனது. இன்று அந்தச் சத்தம் நெருங்கி வருகிறது. முந்தானையை இழுத்துச் செருகி, கைகளை வீசி, மூச்சிரைக்காமல் சகுந்தலா அவரைக் கடந்தே போய்விடுகிறாள். பெஞ்சிலிருந்து ஜெபராஜ் வாத்தியார் சிரிக்கிறார். "இன்னாண்ணா, அக்கா உங்கள ஓவர்டேக் பண்ணிட்டாங்க! உங்க வூட்டு வழக்கம் இன்னா ஆச்சு?" நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சகுந்தலா திடுக்கிட்டு நடையைத் தளர்த்துகிறாள். ஏகாம்பரத்தின் மீசை துடிக்கிறது. "நிக்காத, போ!" குரல் கரை முழுக்கக் கேட்கிறது. "எங்க வூட்டுப் பொம்பளய்யா இவ! முடிஞ்சா எட்டிப் புடிங்க பாக்கலாம்!" அவள் திரும்பாமலே சொல்கிறாள்: "கத்தாதீங்க, உங்களுக்கும் பிரஷர் கீது!" கரையெங்கும் சிரிப்பு. அவள் வேகம் கூடுகிறது. இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. ஏகாம்பரம் அதைக் குறைக்க முயலவில்லை.